புதிதாக டீம் லீடர் ஆனவர்களுக்கு: முதல் மூன்று மாதங்களில் செய்ய வேண்டியவை

நேற்று வரை உங்களோடு டீ குடிக்க வந்த நாலு பேர், இன்று நீங்கள் கடைக்குப் போனதும் பேச்சை நிறுத்துகிறார்கள். ஒருத்தர் பெஞ்சில் நகர்ந்து இடம் விடுகிறார். ‘மச்சி’ என்று கூப்பிட்டவர் இப்போது எப்படிக் கூப்பிடுவது என்று தெரியாமல் மொட்டையாகப் பேசுகிறார். கிண்டியோ, அம்பத்தூரோ, ஓ.எம்.ஆரோ, பதவி உயர்வு வந்த முதல் வாரத்தில் பெரும்பாலும் இதுதான் நடக்கும்.

அந்த டீக்கடை மௌனத்தைக் கவனியுங்கள். இனிமேல் உங்களிடம் எல்லோரும் எல்லாவற்றையும் சொல்ல மாட்டார்கள். அவர்களுடைய லீவு, ஷிஃப்ட், இன்க்ரிமென்ட் எல்லாம் இப்போது உங்கள் கையெழுத்தில் இருக்கிறது. நல்ல செய்தி தானாக உங்களைத் தேடி வரும். கெட்ட செய்தி பாதி வழியிலேயே நின்றுவிடும்.

நான் பதினாறு வருஷமாக ஆட்களை வைத்து வேலை வாங்குகிறவன். அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு உதிரிபாகப் பட்டறையில் ஷிஃப்ட் இன்சார்ஜாக ஆரம்பித்தேன். இப்போது ஒரகடத்தில் தரக் கட்டுப்பாட்டுப் பிரிவைப் பார்த்துக்கொள்கிறேன். என் மனைவி சோழிங்கநல்லூரில் ஐடி மேனேஜர். அவருடைய வேலையும் என்னுடையதும் வேறு வேறு உலகம். ஆனால் ராத்திரி சாப்பிடும்போது பேசினால், இரண்டு இடத்திலும் புதிதாகப் பொறுப்புக்கு வந்தவர்கள் தடுக்கி விழுவது ஒரே கல்லில்தான். கீழே இருக்கிறவருக்குத் தெரிந்த உண்மை மேலே வருவதில்லை. வராததால் வேலையும் கெடுகிறது, நியாயமும் கெடுகிறது. திறமையான தலைமை, நேர்மையான தலைமை என்று இரண்டாகப் பிரித்துப் பேசுவார்கள். எனக்கு அவை இரண்டும் ஒன்றுதான். உங்களிடம் ஒருவர் பயமில்லாமல் கெட்ட செய்தி சொல்ல முடிகிறதா என்பதில் இரண்டுமே தெரிந்துவிடும். கீழே உள்ள ஒவ்வொரு படியும் அதற்காகத்தான்.

முதல் வாரம்: பேச்சை நீங்களே ஆரம்பியுங்கள்

கூட வேலை பார்த்த நண்பர்களிடம் எதுவும் மாறவில்லை என்று சொல்லாதீர்கள். மாறியிருக்கிறது, அது அவர்களுக்கும் தெரியும். தனியாகக் கூப்பிட்டு நேராகச் சொல்லிவிடுங்கள்: “இனிமே உன் அப்ரைசல் நான்தான் எழுதணும். நம்ம பழக்கம் அப்படியேதான் இருக்கும். ஆனா வேலைன்னு வந்தா எல்லாருக்கும் ஒரே அளவுகோல்தான் வெப்பேன், நீ தப்பா எடுத்துக்கக் கூடாது.” சொல்லும்போது சங்கடமாக இருக்கும். ஆனால் இப்போது சொல்லாமல் விட்டால், ஆறு மாசம் கழித்து ரேட்டிங் வரும் நாளில் நட்பே போய்விடும்.

தினமும் அவர்களோடு டீக்குப் போக வேண்டாம். வாரத்தில் இரண்டு நாள் போதும். மற்ற நாட்களில் உங்களைப் பற்றிக் குறைப்பட்டுக்கொள்ள அவர்களுக்கு ஓர் இடம் வேண்டும். அதைப் பிடுங்கிக்கொள்ளாதீர்கள்.

இரண்டாவது, மூன்றாவது வாரம்: ஒவ்வொருவரிடமும் தனியாக அரை மணி நேரம்

இதற்கு நேரம் இல்லை என்று தோன்றும். பத்துப் பேர் இருந்தால் மொத்தமே ஐந்து மணி நேரம்தான். கேபினுக்குள் மேஜைக்கு இந்தப் பக்கம் அந்தப் பக்கமாக உட்காராதீர்கள். கேண்டீன் மூலையோ, வாசல் மரத்தடியோ பரவாயில்லை.

“ஏதாவது பிரச்சினை இருக்கா?” என்று கேட்காதீர்கள். “ஒண்ணும் இல்ல சார்” என்பதைத் தவிர வேறு பதில் வராது. ஏனென்றால் பிரச்சினை இருக்கிறது என்று சொன்னால், தன்னால் சமாளிக்க முடியவில்லை என்று ஒப்புக்கொண்ட மாதிரி ஆகிவிடும். குறிப்பிட்ட விஷயமாகக் கேளுங்கள். நான் கேட்பவை இவை: போன வாரத்தில் எந்த வேலை உங்கள் நேரத்தைத் தேவையில்லாமல் தின்றது? நாம் தினமும் செய்கிற எந்த விஷயம் ஒருநாள் நம்மை மாட்டிவிடும் என்று தோன்றுகிறது? நான் வந்த பிறகும் மாறக் கூடாது என்று நினைப்பது எது? உங்களுக்கு நன்றாக வரும், ஆனால் யாரும் கொடுக்காத வேலை எது?

பதிலை அவர் முன்னாலேயே ஒரு நோட்டில் எழுதிக்கொள்ளுங்கள். செய்ய முடிந்ததை இரண்டு வாரத்தில் செய்யுங்கள், ஒரு ஃபேன் மாற்றுவதாக இருந்தாலும் சரி. செய்ய முடியாததை, முடியாது என்றும் ஏன் முடியாது என்றும் திரும்பப் போய்ச் சொல்லுங்கள். சொன்னதற்கு ஒரு பதிலும் வராவிட்டால் அடுத்த முறை வாய் திறக்க மாட்டார்கள்.

இந்தச் சந்திப்புகளுக்கு இன்னொரு பயன் உண்டு. அடுத்தவர் தாமதமாக வந்தால் அவர் சோம்பேறி என்று நினைக்கிறோம். நாமே தாமதமாக வந்தால் டிரெயின் லேட் என்கிறோம். அடுத்தவர் செயலுக்கு அவருடைய குணத்தைக் காரணமாக்கி, சூழ்நிலையைக் கணக்கில் எடுக்காமல் விடும் இந்தப் பழக்கத்துக்கு லீ ராஸ் என்ற உளவியலாளர் 1977-இல் பெயரே வைத்தார்: அடிப்படைக் காரணப் பிழை. பதவி வந்ததும் இந்தப் பிழை நமக்குள் இன்னும் வளரும். திருவள்ளூரில் இருந்து ஒருத்தர் எத்தனை மணிக்குக் கிளம்பி எத்தனை வண்டி மாறி வருகிறார் என்பது, நாம் கேட்டால் ஒழியத் தெரியாது.

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தபோது வேளச்சேரியிலும் பள்ளிக்கரணையிலும் வீட்டுக்குள் தண்ணீர், கரண்ட் இல்லை, சிக்னல் இல்லை. அந்த நாட்களில் டீமுக்கு “எல்லாரும் பத்திரமா இருக்கீங்களா, யாருக்கு என்ன வேணும்” என்று முதல் செய்தி அனுப்பியவர்களும் இருந்தார்கள், “இன்னைக்கு யாரெல்லாம் லாகின்” என்று அனுப்பியவர்களும் இருந்தார்கள். என் மனைவியின் டீமில் இன்றும் அந்தச் செய்திகளை ஞாபகம் வைத்துப் பேசுகிறார்கள்.

கெட்ட செய்தி வரும் அந்தப் பத்து விநாடி

இதுதான் இந்தக் கட்டுரையின் நடுமையம். அவசரமாகப் படிக்கிறவர்கள் இதை மட்டுமாவது படியுங்கள்.

அம்பத்தூரில் நான் இன்சார்ஜ் ஆகி ஒரு மாசம்கூட ஆகவில்லை. நைட் ஷிஃப்ட். ஐடிஐ முடித்து வந்த டிரெய்னி பையன் ஒருவன், பிளக் கேஜைக் கையில் வைத்துக்கொண்டு வந்தான். பாகத்தின் ஓட்டைக்குள் விட்டு அளவு பார்க்கும் கருவி அது, ஓட்டை போதிய அளவு இருந்தால் அதன் ‘கோ’ பக்கம் உள்ளே போகும். “சார், கோ பக்கம் ரொம்ப லேசா போகுது, தேஞ்சிருக்குமோன்னு தோணுது” என்றான். காலையில் லாரி வருகிறது, இன்னும் முந்நூறு பீஸ் பாக்கி. “இப்ப வந்து சொல்றியா? வேலையப் பாருடா” என்று கத்தினேன். லைனே திரும்பிப் பார்த்தது. அவன் போய்விட்டான்.

கேஜ் தேய்ந்துதான் இருந்தது. தேய்ந்த கேஜ் சின்ன ஓட்டையையும் சரி என்று விட்டுவிடும். வாடிக்கையாளர் இடத்தில் ஷாஃப்ட் உள்ளே போகவில்லை, மூன்று நாள் லாட் முழுக்கத் திரும்பி வந்தது. உட்கார்ந்து ஒவ்வொன்றாகப் பிரித்தோம். பண நஷ்டத்தைவிடப் பெரிய நஷ்டம் வேறு. அதற்கப்புறம் ஏழெட்டு மாசம் அந்த ஷிஃப்டில் ஒருவர்கூட என்னிடம் எதையும் முன்கூட்டிச் சொல்லவில்லை. நான் கத்தியது ஒரு பையனிடம். பாடம் கற்றுக்கொண்டது இருபத்தி இரண்டு பேர்.

ஏமி எட்மண்ட்சன் என்ற ஆய்வாளர் 1990-களில் மருத்துவமனைகளில் மருந்து கொடுப்பதில் நடக்கும் தவறுகளை ஆராய்ந்தார். நன்றாக இயங்கும் குழுக்களில் தவறு குறைவாக இருக்கும் என்றுதான் எதிர்பார்த்தார். கணக்கு தலைகீழாக வந்தது. நல்ல குழுக்களில்தான் தவறுகள் அதிகம் பதிவாகியிருந்தன. பிறகுதான் புரிந்தது: அந்தக் குழுக்களில் தவறை வெளியே சொன்னார்கள், மற்ற இடங்களில் மறைத்தார்கள். இதை வைத்து 1999-இல் அவர் முன்வைத்ததுதான் குழுவின் ‘உளவியல் பாதுகாப்பு’ என்ற கருத்து. கேள்வி கேட்டாலோ, தவறை ஒப்புக்கொண்டாலோ இங்கே என்னை அவமானப்படுத்த மாட்டார்கள் என்ற நம்பிக்கை அது. கூகுள் நிறுவனம் 2012-இல் தன்னுடைய குழுக்களை ஆராயத் தொடங்கியபோதும், குழு நன்றாக இயங்க முக்கியமான காரணமாக இதுதான் தேறியது.

அதனால் ரிப்போர்ட்டில் தவறே இல்லாத டீமைப் பார்த்து உடனே சந்தோஷப்படாதீர்கள். சொல்லவில்லையா, இல்லவே இல்லையா என்று பாருங்கள்.

ஒருவர் கெட்ட செய்தியோடு வந்து நிற்கும்போது முதல் பத்து விநாடியில் உங்கள் முகமும் வாயும் என்ன செய்கிறது என்பதுதான் எல்லாம். கோபம் வரத்தான் செய்யும், அது மனித இயல்பு. ஆனால் அந்த நேரத்தில் சொல்ல வேண்டியதை முன்கூட்டியே மனப்பாடம் செய்துகொள்ளலாம். நான் வைத்திருப்பது இது: “நல்ல வேளை சொன்னீங்க. இப்ப நிலைமை என்ன? அடுத்த ஒரு மணி நேரத்துல என்ன செய்யலாம்?” யார் செய்தது, ஏன் நடந்தது என்ற கேள்விகள் நிலைமை கட்டுக்குள் வந்த பிறகுதான். முடிந்தால் மறுநாள். அதிலும் ‘யார்’ என்பதற்கு முன்னால் ‘எப்படி’ என்று கேளுங்கள். எந்தச் சோதனையைத் தாண்டி இது வெளியே போனது? கேஜை எத்தனை நாளைக்கு ஒரு முறை சரிபார்க்கிறோம்?

அப்படியானால் யாரையும் கண்டிக்கவே கூடாதா என்று புதிதாக வந்தவர்கள் என்னிடம் கேட்பார்கள். கண்டிக்கலாம், கண்டிக்க வேண்டும். என் டீமில் கணக்கு இதுதான்: தவறு செய்துவிட்டுச் சொன்னால் உதவி, தெரிந்தும் மறைத்தால் கண்டிப்பு. இதை முதல் மாசமே எல்லோரிடமும் சொல்லிவிடுவேன். ஒரே தவறு மூன்றாவது முறை வந்தால் முதலில் வேலை முறையைப் பார்ப்பேன். முறை சரியாக இருந்தால் அவரோடு தனியாக, கதவை மூடிக்கொண்டு பேசுவேன். நாலு பேர் முன்னால் திட்டுவதால் ஒருவரும் திருந்தி நான் பார்த்ததில்லை.

அந்தப் பையனிடம் மறுவாரமே எல்லோர் முன்னாலும் மன்னிப்புக் கேட்டேன். கத்தியது எல்லோர் முன்னாலும் என்றால் மன்னிப்பும் அங்கேதான் கேட்க வேண்டும். இருந்தும் ஏழெட்டு மாசம் ஆனது என்பதை ஞாபகம் வையுங்கள்.

மீட்டிங்கில் கடைசியாகப் பேசுங்கள்

1951-இல் சாலமன் ஆஷ் என்ற உளவியலாளர் ஒரு எளிய சோதனை செய்தார். எந்தக் கோடு எந்தக் கோட்டுக்குச் சமம் என்று சொல்ல வேண்டும், அவ்வளவுதான். பார்த்தாலே தெரியும். ஆனால் அறையில் இருந்த மற்றவர்கள், முன்பே பேசி வைத்தபடி, ஒரே மாதிரி தவறான விடை சொன்னார்கள். சோதிக்கப்பட்டவர்களில் ஏறக்குறைய முக்கால்வாசிப் பேர் ஒரு முறையாவது அவர்களோடு சேர்ந்து தவறான விடையைச் சொன்னார்கள். ஒரே ஒருவர் சரியான விடையைச் சொல்லிவிட்டால் போதும், இப்படி ஒத்து ஊதுவது வெகுவாகக் குறைந்தது.

முன்பின் தெரியாதவர்கள் நடுவில் கோட்டின் நீளத்துக்கே இந்த நிலை. இன்க்ரிமென்ட் போடுகிறவர் “இந்தத் தேதிக்குள்ள முடிச்சிடலாம்ல?” என்று ஆரம்பித்துவிட்ட மீட்டிங்கில் யார் முடியாது என்பார்கள்? அதனால் கேள்வியை மட்டும் வைத்துவிட்டு வாயை மூடிக்கொள்ளுங்கள். வயதிலும் அனுபவத்திலும் சின்னவரில் இருந்து ஆரம்பித்துக் கேளுங்கள். மாற்றுக் கருத்து சொல்லும் முதல் ஆளுக்கு, அது தவறாக இருந்தாலும், முழுதாகப் பேச இடம் கொடுங்கள். அவர்தான் மற்றவர்களுக்கு வாசலைத் திறந்துவிடுகிறவர்.

சென்னை டீம்களில் இதற்கு ஒரு தனி முடிச்சு உண்டு: மொழி. விழுப்புரம் பக்கத்தில் தமிழ் வழியில் படித்து வந்த பெண் ஒருத்திக்கு, சிஸ்டம் எங்கே இடிக்கிறது என்று துல்லியமாகத் தெரியும். கிளையன்ட் காலில் எல்லோரும் ஆங்கிலத்தில் வேகமாகப் பேசும்போது அவள் மைக்கை ஆன் செய்ய மாட்டாள். என் மனைவி செய்வது: கால் தொடங்க இருபது நிமிஷம் முன்னால் அவளைத் தமிழிலேயே முழுதாக விளக்கச் சொல்வார், இருவருமாகச் சேர்ந்து நாலு வரி ஆங்கிலத்தில் எழுதிக்கொள்வார்கள், காலில் அந்த நாலு வரியை அவள்தான் சொல்வாள், அவளுக்குப் பதிலாக வேறு யாரும் சொல்லக் கூடாது. மூன்று மாசத்தில் எழுதிவைக்கத் தேவையில்லாமல் போனது. இதற்கு மறுபக்கமும் இருக்கிறது. டீமில் ஒருவர் ஒடிசாவில் இருந்தோ ஆந்திராவில் இருந்தோ வந்திருக்க, நாம் எட்டுப் பேரும் தமிழிலேயே முடிவெடுத்துச் சிரித்துக்கொண்டிருந்தால் அவருக்குத் தெரிந்த கெட்ட செய்தி அவரோடு நின்றுவிடும்.

வேலையைப் பிரித்துக் கொடுக்கும்போது

டீமிலேயே நன்றாக வேலை செய்தவரைத்தான் லீடர் ஆக்குவார்கள். அதனால் புது லீடர்கள் எல்லாவற்றையும் தாங்களே இழுத்துப் போட்டுக்கொண்டு செய்வார்கள். ராத்திரி பத்து மணிக்கு ஜூனியர் எழுதியதைத் திருத்திக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். அதை விட்டுவிடுங்கள். எட்வர்ட் டெசி, ரிச்சர்ட் ரையன் என்ற இரு உளவியலாளர்கள் பல வருஷம் ஆராய்ந்து சொன்னது, மனிதருக்கு வேலையில் மூன்று விஷயம் வேண்டும் என்பது: தன் விருப்பப்படி முடிவெடுக்கக் கொஞ்சம் இடம், திறமை வளர்கிறது என்ற உணர்வு, கூட இருப்பவர்களோடு ஓர் ஒட்டுதல். துண்டு துண்டாக வேலையைக் கொடுத்து மணிக்கொரு தரம் “ஆச்சா?” என்று கேட்டால் மூன்றுமே போய்விடும். என்ன வேண்டும், எதற்காக வேண்டும், எப்போது வேண்டும் என்று சொல்லுங்கள். எப்படி என்பதை அவரிடம் விடுங்கள். நடுவில் எந்தெந்த நாளில் பார்க்கலாம் என்று இருவரும் சேர்ந்து முடிவு செய்துகொள்ளுங்கள்.

யாருக்கு எது கிடைக்கிறது

எதில் பாரபட்சம் வரும் என்று முன்கூட்டியே தெரிந்துவைத்துக்கொண்டால்தான் தடுக்க முடியும். சொந்த ஊர், படித்த கல்லூரி, மொழி, சாதி. கடைசியாகச் சொன்னதைப் பற்றி அலுவலகங்களில் யாரும் வெளிப்படையாகப் பேச மாட்டார்கள். “சொந்த ஊர் எது? ஊர்ல எந்தப் பக்கம்? எந்தத் தெரு? குலதெய்வம் எது?” என்று சுற்றி வளைத்துக் கேட்பார்கள். கேட்பவர் எதைத் தெரிந்துகொள்ளப் பார்க்கிறார் என்பது எதிரில் இருப்பவருக்கு முதல் கேள்வியிலேயே புரிந்துவிடும். நீங்கள் கேட்காதீர்கள். உங்கள் டீமில் ஒருவர் கேட்டால், அந்த இடத்திலேயே பேச்சை வெட்டுங்கள், பிறகு தனியாகக் கூப்பிட்டு இது இங்கே கூடாது என்று சொல்லுங்கள். நீங்கள் சும்மா இருந்தால் நீங்களும் ஒத்துக்கொண்டதாகத்தான் அந்த ஆளுக்குப் படும்.

கான்ட்ராக்டில் இருப்பவர்களைத் தனியாகக் கவனியுங்கள். கழுத்தில் தொங்கும் பட்டையின் நிறம் வேறு, பஸ் வேறு, சில இடங்களில் சாப்பாட்டு வரிசையும் வேறு. கம்பெனி விதிகளை நீங்கள் ஒரே நாளில் மாற்ற முடியாது. ஆனால் அவர்களைப் பெயர் சொல்லிக் கூப்பிடுவதையும், காலை மீட்டிங்கில் அவர்களையும் நிற்க வைத்துப் பேசுவதையும் யாரும் தடுக்கவில்லை. லைனில் மெஷினுக்கு மிக அருகில் நிற்பவர்கள் அவர்கள்தான். முதலில் சத்தம் மாறுவது அவர்களுக்குத்தான் கேட்கும்.

ரேட்டிங் போடும் நேரத்தில் இன்னொரு விஷயம். முடிவு தனக்குச் சாதகமாக இல்லாவிட்டாலும், அது எடுக்கப்பட்ட முறை நியாயமாக இருந்தால் மனிதர்கள் பெரும்பாலும் ஏற்றுக்கொள்வார்கள். நீதிமன்ற நடைமுறைகளை வைத்து ஜான் திபோ, லாரன்ஸ் வாக்கர் என்ற ஆய்வாளர்கள் 1975-இல் காட்டியது இது. எனவே எதை வைத்து ரேட்டிங் போடுவீர்கள் என்று வருஷ ஆரம்பத்திலேயே எழுதிக் கொடுங்கள், முடிவுக்கு முன் அவர் தரப்பைக் கேளுங்கள். மாதா மாதம் ஒவ்வொருவரைப் பற்றியும் இரண்டு வரி குறித்து வைக்காவிட்டால் கடைசி இரண்டு மாசம்தான் ஞாபகத்தில் இருக்கும்.

பேரும் பழியும் எப்படிப் பிரிய வேண்டும் என்பதற்கு, இங்கிருந்து வடக்கே கொஞ்ச தூரத்தில் இருக்கும் ஸ்ரீஹரிகோட்டாவில் நடந்ததைக் கலாம் பல மேடைகளில் சொல்லியிருக்கிறார். 1979 ஆகஸ்ட் 10 அன்று எஸ்.எல்.வி-3 ராக்கெட் கடலில் விழுந்தது. திட்ட இயக்குநர் கலாம். பத்திரிகையாளர்கள் முன் நின்று பொறுப்பேற்றவர் இஸ்ரோ தலைவர் சதீஷ் தவான். 1980 ஜூலை 18 அன்று அடுத்த ஏவுதல் வெற்றி பெற்றபோது, பேசச் சொல்லிக் கலாமை அனுப்பினார். நீங்கள் பலமுறை கேட்ட கதைதான். நான் அதில் திரும்பத் திரும்ப நினைப்பது, நடுவில் இருந்த அந்தப் பதினோரு மாசத்தை. தோல்வியில் தங்கள் தலையை யாரும் உருட்ட மாட்டார்கள் என்று தெரிந்த பொறியாளர்கள், எங்கே தவறு நடந்தது என்று எவ்வளவு வெளிப்படையாகப் பேசியிருப்பார்கள்!

மேலிருந்து “அட்ஜஸ்ட் பண்ணிக்கோங்க” என்று வந்தால்

மூன்று மாசத்துக்குள் இது ஒரு முறையாவது வந்தே தீரும். டெஸ்ட் ரிப்போர்ட்டில் நேற்றைய தேதியைப் போடச் சொல்வார்கள். செய்யாத மணி நேரத்தை டைம்ஷீட்டில் ஏற்றச் சொல்வார்கள். ஓவர்டைமைக் கணக்கில் காட்டாமல் விடச் சொல்வார்கள். யாரும் ‘பொய் சொல்லு’ என்று சொல்ல மாட்டார்கள். ‘அட்ஜஸ்ட்’ என்பார்கள். ஆல்பர்ட் பண்டூரா என்ற உளவியலாளர், நல்லவர்கள் எப்படித் தவறுகளைச் செய்கிறார்கள் என்று ஆராய்ந்தபோது கண்ட வழிகளில் ஒன்று இது: செயலுக்கு மென்மையான வேறு பெயர் வைத்துவிடுவது. ‘அட்ஜஸ்ட்’ என்ற சொல் காதில் விழுந்தால் மனசுக்குள் முழு வாக்கியமாக மாற்றிப் பாருங்கள்: “சோதனை செய்யாத பாகத்தைச் சோதித்ததாக எழுதச் சொல்கிறார்.”

1986 ஜனவரி 28 அன்று சேலஞ்சர் விண்ணோடம் கிளம்பி 73 விநாடியில் சிதறி ஏழு பேர் இறந்தார்கள். முந்தின ராத்திரியே, குளிரில் ராக்கெட்டின் மூட்டுகளை அடைக்கும் ரப்பர் வளையம் விறைத்துப்போகும், ஏவ வேண்டாம் என்று ராக்கெட்டைத் தயாரித்த நிறுவனத்தின் பொறியாளர்கள் சொன்னார்கள். அவர்களுடைய மேலாளர்களே அதை மாற்றி, ஏவலாம் என்று சொல்லிவிட்டார்கள். முந்தைய பயணங்களிலும் வளையம் பழுதாகியிருந்தது, ஆனால் விண்ணோடம் பத்திரமாகத் திரும்பியிருந்தது. போன தடவை ஒன்றும் ஆகவில்லையே என்று எல்லை கொஞ்சம் கொஞ்சமாகத் தள்ளிப் போனது. விதிமீறல் இப்படி வழக்கமாகிவிடுவதைப் பற்றி டயேன் வாகன் என்ற சமூகவியலாளர் விரிவாக எழுதியிருக்கிறார். எங்கள் தொழிலில் நான் கண்ட எல்லாப் பெரிய விபத்துக்குப் பின்னாலும் “இதுவரைக்கும் ஒண்ணும் ஆகல சார்” என்ற வாக்கியம் இருந்தது.

எதிர்ப்பது எவ்வளவு கஷ்டம் என்பதை நான் குறைத்துச் சொல்லவில்லை. ஸ்டான்லி மில்கிராம் என்ற உளவியலாளர் 1963-இல் வெளியிட்ட சோதனையில், அடுத்த அறையில் இருப்பவருக்கு மின் அதிர்ச்சி கொடுக்கும்படி ஆய்வாளர் சொன்னார். அதிர்ச்சி உண்மையானது இல்லை, ஆனால் கொடுத்தவர்களுக்கு அது தெரியாது. 40 பேரில் 26 பேர் கடைசி அளவான 450 வோல்ட் வரை போனார்கள். எல்லோரும் இதை மட்டும்தான் சொல்வார்கள். அதே சோதனையைக் கொஞ்சம் மாற்றி, கூட இருந்த இருவர் நடுவில் மறுத்து எழுந்தபோது, கடைசி வரை போனவர்கள் 40-இல் நாலே பேர். நீங்கள் மறுத்தால் உங்கள் டீமுக்கும் மறுக்க வழி பிறக்கும் என்பதற்கு இதைவிட நல்ல ஆதாரம் எனக்குத் தெரியாது.

நடைமுறையில் இப்படிச் செய்யுங்கள். உடனே சரி என்றோ முடியாது என்றோ சொல்லாதீர்கள், அரை மணி நேரம் கேளுங்கள். அவருக்கு உண்மையில் என்ன நெருக்கடி என்று தெரிந்துகொள்ளுங்கள். பெரும்பாலும் அது ஒரு தேதியாகத்தான் இருக்கும். அப்புறம் மாற்று வழியோடு போங்கள்: “சார், நேத்துத் தேதி போட முடியாது. இன்னைக்கு ராத்திரி டெஸ்ட் முடிச்சு காலைல எட்டு மணிக்கு ரிப்போர்ட் தரேன். கஸ்டமர்கிட்ட ஒரு நாள் கேட்போம், வேணும்னா நானே பேசறேன்.” அதற்கும் ஒத்துக்கொள்ளாவிட்டால், நடந்த பேச்சைப் பணிவான மெயிலாக எழுதி, “நான் சரியாகப் புரிந்துகொண்டிருக்கிறேனா?” என்று அனுப்புங்கள். வாயால் சொன்ன பல உத்தரவுகள் எழுத்தில் வரும்போது காணாமல் போய்விடும். எந்த நிலையிலும் அந்தக் கையெழுத்தை உங்கள் ஜூனியரைப் போட வைக்காதீர்கள். அதைவிடக் கேவலம் வேறு இல்லை.

சட்டம் உங்கள் மேல் வைத்திருக்கும் சில பொறுப்புகள்

பாலியல் தொல்லை பற்றி ஒரு பெண் உங்களிடம் சொன்னால், நீங்களே கூப்பிட்டுப் பேசிச் சமரசம் செய்து வைக்காதீர்கள். நல்ல எண்ணத்தோடு செய்தாலும் அது தவறு. 2013 சட்டப்படி பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் உள்ளகக் குழு இருக்க வேண்டும். சின்ன இடங்களுக்கு மாவட்ட அளவில் குழு உண்டு. சம்பவம் நடந்த மூன்று மாசத்துக்குள் எழுத்தில் புகார் தர வேண்டும், தக்க காரணம் இருந்தால் மேலும் மூன்று மாசம் வரை குழு அனுமதிக்கலாம். உங்கள் வேலை: பொறுமையாகக் கேட்பது, இந்த வழி இருக்கிறது என்று சொல்வது, அவர் பெயர் வெளியே போகாமல் பார்த்துக்கொள்வது. “பெரிசு பண்ணாத” என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள்.

தி.நகர் போன்ற இடங்களில் கடையில் ஃப்ளோர் சூப்பர்வைசராக இருப்பவர்களுக்கு: 2021-இல் தமிழ்நாடு சட்டம் திருத்தப்பட்டு, கடை ஊழியர்களுக்கு உட்கார இருக்கை தருவது கட்டாயம் ஆகிவிட்டது. நாற்காலி இருந்தால் போதாது. உட்கார்ந்தவரை நீங்கள் முறைத்தால் அந்த நாற்காலி வெறும் பொருள்தான். வாடிக்கையாளர் இல்லாத நேரத்தில் “உட்காருங்கம்மா” என்று நீங்களே சொல்லுங்கள்.

குறை கேட்க ஆள் இல்லாவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு இந்த ஊரிலேயே நூறு வருஷத்துக்கு மேற்பட்ட சாட்சி இருக்கிறது. பெரம்பூர் பக்கம் பின்னி மில் தொழிலாளர்களின் குறைகளில் ஒன்று, மதியச் சாப்பாட்டுக்குக் கொடுத்த நேரம் போதவில்லை என்பது. உள்ளே கேட்பார் இல்லாமல் வெளியே வந்து சொன்னார்கள். 1918 ஏப்ரலில் பி.பி.வாடியா தலைவராகவும் திரு.வி.க. முன்னணியிலும் இருந்து சென்னைத் தொழிலாளர் சங்கம் பிறந்தது. சங்கம் பிறந்தது நல்லதுதான். ஆனால் சாப்பிட நேரம் போதவில்லை என்ற ஒரு வார்த்தையைக் கேட்க அந்த ஆலையில் ஒரு மேஸ்திரிகூட இல்லையே என்று நான் நினைப்பதுண்டு.

மூன்றாவது மாசக் கடைசியில்

பெயர் எழுத வேண்டாம் என்று சொல்லி எல்லோருக்கும் ஒரு சீட்டுக் கொடுங்கள். கேள்வி ஒன்றே ஒன்று: “இந்த மூணு மாசத்துல என்கிட்ட சொல்ல நினைச்சு சொல்லாம விட்டது என்ன?” கையெழுத்து தெரிந்துவிடும் என்று பயந்தால் டைப் செய்து போடட்டும். யார் எழுதியது என்று கண்டுபிடிக்க முயலாதீர்கள். படித்துவிட்டு, அதில் ஒன்றை எடுத்து எல்லோர் முன்னாலும் சொல்லி, அதற்கு என்ன செய்யப்போகிறீர்கள் என்றும் சொல்லுங்கள். முதல் தடவை பாதிச் சீட்டு வெறுமையாகத்தான் வரும். எனக்கும் அப்படித்தான் வந்தது.

என் நோட்டில் கடைசிப் பக்கத்தை இதற்கென்றே ஒதுக்கியிருக்கிறேன். வாரா வாரம் யார் என்ன கெட்ட செய்தி கொண்டுவந்தார்கள் என்று ஒரு வரி எழுதுவேன். வெள்ளிக்கிழமை சாயங்காலம் அந்த வாரத்துக்கான இடம் காலியாக இருந்தால் கம்பெனி பஸ்ஸை விட்டுவிடுவேன். திரும்ப லைனுக்குப் போய், செகண்ட் ஷிஃப்ட் ஆட்கள் கையில் இருக்கும் கேஜை வாங்கிப் பார்த்துக்கொண்டே, யாராவது பேச ஆரம்பிக்கும் வரை அங்கேயே நின்றிருப்பேன்.